ஃபீல்டு ரெண்டு

பதினைந்து வாரமாக அவளுடைய நாத்தனார் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் என்றால் இது பெரிய விஷயமே இல்லை. பேசாத நாத்தனார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பெருமூச்சு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் பேசாமல் இருந்தது சமையல் எண்ணெயைச் சுத்தம் செய்கிற ஓர் ஆலையில். நாத்தனார் கண்ணாடி அறைக்குள் ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஆலை முழுவதையும் ஓட்டுகிற பேனல் ஆபரேட்டர். அவள் வெளியே, குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் நடுவே, வாக்கிடாக்கியும் கையுமாக நிற்கிற பயிற்சிக்காரி. உள்ளே இருப்பவர் சொல்ல வேண்டும், வெளியே இருப்பவர் செய்ய வேண்டும். சொல்ல வேண்டியவள் வாயைத் திறப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அவளுடைய பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

சண்டை எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். தொழிற்கல்லூரியில் ஆலை ஆபரேட்டர் படிப்பு இருக்கிறது. நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் ஏதாவது ஓர் ஆலையில் வேலை, திரும்பவும் வகுப்பு, திரும்பவும் ஆலை என்று இரண்டு வருடம். அதில் சேர அவளுடைய புருஷன் இரண்டு வருடம் நுழைவுத் தேர்வு எழுதினான். இரண்டு வருடமும் கணக்கு அவனைக் கவிழ்த்தது. மூன்றாம் வருடம் தனியாகப் போனால் கை நடுங்குகிறது என்று சொல்லி, துணைக்கு அவளுக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கி வந்தான். துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், போனால் போகிறது, ஒரு நாள் லீவுதானே என்று போய் எழுதினாள். முடிவு வந்தபோது அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை.

அவன் மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவன்தான், எட்டு மாதமாகத் திரும்பவில்லை. அக்காவுக்குத் தம்பி என்றால் உயிர். அவன் தன் ஆலையிலேயே தனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும் என்று பன்னிரண்டு வருடமாகக் கனவு கண்டவள். அந்தக் கனவில் மண்ணை அள்ளிப் போட்டவள் என்றுதான் தம்பி பெண்டாட்டியை அவள் பார்த்தாள். இந்தக் கதையெல்லாம் கல்லூரிக்கு எப்படித் தெரியும்? ஒருங்கிணைப்பாளர் மேடம் பட்டியலைப் பார்த்தார், எந்த ஆலையில் இடம் காலியோ அங்கே அவளை அனுப்பினார். கூட்டிக்கொண்டுபோய்ச் சிங்கத்தின் குகையில் விட்டுவிட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ஆலைக்காரர்கள் இப்படி வருகிற எல்லாரையும் 'நாலுமாசம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு மாதம் இருப்பார்கள், போவார்கள், எதற்குப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் நியாயம். பெண் பிள்ளைக்கு அந்தப் பட்டம் வைத்தால் கேட்கிறவர்கள் வயிற்றைப் பார்ப்பார்களே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாத்தனாருக்குத் தோன்றியது. முதல் நாளே சாப்பாட்டு அறையில், மீசை என்கிற ஆபரேட்டரிடம் சொல்வது போல, சிலபேருக்கு இந்தப் பட்டமாவது வாய்த்ததே என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். தம்பிக்குக் கல்யாணமாகி ஏழு வருடமாகியும் குழந்தை இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? எங்கே குத்தினால் வலிக்கும் என்று அளந்து குத்தினாள். தம்பி பெண்டாட்டி அன்றைக்குச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாள்.

மீசை என்பது வெளியே வேலை பார்க்கிற நிரந்தர ஆபரேட்டர். பெரிய மீசை, சின்ன மனசு என்று அவரே தன்னைக் கேலி செய்துகொள்வார். உண்மையில் பயந்த சுபாவம், யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாது. வாக்கிடாக்கியில் அவருக்குப் பெயர் ஃபீல்டு ஒண்ணு, அவளுக்கு ஃபீல்டு ரெண்டு. பேனல் கூப்பிடும்போது இந்தப் பதவியைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கேட்டவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பேனல் 'சரி' என்ற பிறகுதான் வால்வில் கை வைக்க வேண்டும். யாரோ எப்போதோ தப்பான வால்வைத் திறந்து வெந்துபோனதிலிருந்து வந்த விதி இது. நாத்தனார் இந்த விதியை மீசைக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். பயிற்சிக்காரி செய்ய வேண்டிய வேலையாக இருந்தால் காற்றைப் பார்த்துப் பேசுவாள். யாராவது நீராவியைக் குறைத்தால் தேவலை என்பாள். மூணாம் பம்ப் சத்தம் போடுகிறது, யார் காதிலாவது விழுகிறதா என்பாள். மீசை ஓடி வந்து, "அது ஒனக்குத்தாம்மா" என்று சொன்ன பிறகு அவள் போய்ச் செய்வாள்.

அவளிடம் ஒரு பயிற்சி நோட்டு இருந்தது. அதில் முப்பத்தாறு வேலைகள். ஒவ்வொன்றையும் செய்து காட்டி, பக்கத்திலேயே பேனல் ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முப்பது கையெழுத்து இருந்தால் அந்த நாலு மாதம் தேறும். இல்லாவிட்டால் நாலு மாதமும் வீண். திரும்ப இதே நாலு மாதத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும், இரண்டாவது தடவையும் தேறாவிட்டால் படிப்பையே மறந்துவிட வேண்டியதுதான். துணிக்கடையில் அவள் இடத்துக்கு ஆள் வந்தாகிவிட்டது. பதினைந்தாவது வாரத்தில் அவளிடம் இருந்தவை ஒன்பது கையெழுத்துகள். அந்த ஒன்பதும் நாத்தனார் லீவு எடுத்த நாட்களில் வேறு ஆள் உட்கார்ந்தபோது கிடைத்தவை. மற்ற நாட்களில் நோட்டைக் கண்ணாடி அறை மேசையில் வைப்பாள். மாலையில் போனால் அது வைத்த இடத்திலேயே, காபி டம்ளரின் வட்டக் கறையோடு கிடக்கும்.

ஆறாவது வாரத்தில் ஒரு தடவை அவள் பொறுமை இழந்தாள். நீராவியைக் குறைக்கச் சொல்லிக் காற்றில் ஒரு குரல் வந்தது. மீசை பக்கத்தில் இல்லை. எல்லாம் எனக்குத்தானே என்று அவளாகவே போய் வால்வை மூடினாள். அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நாத்தனார் அங்கே நின்று, நான் யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிடாமல் வால்வைத் தொட்டது யார் என்று கேளுங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். விதிப்படி அது சரி. சூப்பர்வைசருக்கு அந்த உறவு முறை தெரியும், தெரிந்தும் வீட்டுச் சண்டையை வாசல் கேட்டிலேயே விட்டுவிட்டு வாங்கம்மா என்பதற்கு மேல் ஒன்றும் செய்யத் துணியாதவர். பதவி சொல்லிக் கூப்பிடாமல் பயிற்சிக்காரி எந்த வால்வையும் தொடக்கூடாது, தொட்டால் வெளியேற்றம் என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். அன்றைக்கு அவளிடம் கையெழுத்து கேட்டவர்கள் உண்டு, கொடுத்தவர்கள்தான் இல்லை.

அதிலிருந்து அவள் கறுவிக்கொண்டே இருந்தாள். வர வேண்டும், ஒரு நாள் வர வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எது வர வேண்டும் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது.

அது பதினைந்தாவது வாரத்தில், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. சுத்தமான எண்ணெய் ஏழாம் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏழாம் தொட்டி தொண்ணூறு சதவீதம் நிறைந்ததும் அதை மூடிவிட்டு எட்டாம் தொட்டியைத் திறக்க வேண்டும். இரண்டும் கையால் திருப்புகிற சக்கர வால்வுகள், பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு குழந்தைகூடச் செய்துவிடும். அவள் அந்த வால்வுகளுக்கு எதிரேதான் நின்றாள். மீசை லாரி நிற்கிற கொட்டகையில், ஆலையின் அந்தக் கோடியில் இருந்தார். அவருடைய வாக்கிடாக்கி சார்ஜரில் கிடந்தது. அது ஒருவருக்கும் தெரியாது.

வாக்கிடாக்கியில் நாத்தனாரின் குரல் வந்தது. "ஏழு தொண்ணூறு ஆச்சு. எட்டுக்கு மாத்தணும்."

யாரைக் கூப்பிட்டது? யாரையும் இல்லை. மீசை பதில் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். பதில் இல்லை. அவள் தன் வாக்கிடாக்கியை எடுத்தாள். "பேனல், ஃபீல்டு ரெண்டு பேசறேன். ஏழை மூடிட்டு எட்டத் தொறக்கட்டுமா?"

பதில் வரவில்லை. ஒரு நிமிடம் கழித்து, கேள்வியை அதே வார்த்தைகளில் திரும்பக் கேட்டாள். அந்தப் பக்கம் வாக்கிடாக்கியை யாரோ அழுத்திவிட்டு விடுகிற சின்னக் கரகரப்பு கேட்டது. அவ்வளவுதான். அவளுடைய வலது கை ஏழாம் தொட்டியின் சக்கரத்தின் மேல் இருந்தது. அளவுகோலில் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஆறு என்று ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிடு, ஒரே ஒரு தடவை கூப்பிடு, இரண்டே வார்த்தை, சக்கரத்தைத் திருப்பிவிடுகிறேன் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எழுதிக் கொடுத்த எச்சரிக்கை ஒரு காரணம்தான். ஆனால் அதுமட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். தொட்டியின் மேல்வாயிலிருந்து முதல் எண்ணெய் பொன்னிறமாக வழிந்து பக்கவாட்டில் இறங்கியபோது அவளுக்குப் பயம் வரவில்லை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

இரண்டு நிமிடம் வழிந்தது. கடைசியில் நாத்தனார் உள்ளிருந்து பம்ப்பை நிறுத்தினாள். அந்தப் பொத்தான் ஆரம்பத்திலிருந்தே அவள் விரலடியில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பம்ப்பை நிறுத்தினால் முன்னால் இருக்கிற எல்லா இயந்திரமும் வரிசையாக நின்றுவிடும், திரும்ப ஓட்ட அரைநாள் ஆகும். அதனால்தான் இழுத்துப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். மூன்று பீப்பாய் எண்ணெய் தரையில் பரவியது. மீசை ஓடி வந்து, அதில் வழுக்கி, அவரைப் போலவே பெரிதான ஒரு சத்தத்தோடு விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. மரத்தூளைக் கொட்டிக் கொட்டி எல்லாரும் மாலைவரை வாரினார்கள். நாத்தனாரும் இறங்கி வந்து வாரினாள். இரண்டு பேரும் மூன்றடி தூரத்தில் குனிந்து வாரினார்கள், ஒருத்தி நிழல் இன்னொருத்தி மேல் படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை, கல்லூரி மேடமும் வருவார், அதற்குள் மூன்று பேரும் நடந்ததை எழுதித் தர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னார். வாக்கிடாக்கிப் பேச்சு எங்கேயும் பதிவாவதில்லை. மீசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே நாத்தனார் சொல்வதுதான் சாட்சி, இவள் சொல்வதுதான் எதிர்சாட்சி. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவளை நம்புவார்களா, நாலுமாசத்தை நம்புவார்களா? நான் ஃபீல்டு ரெண்டைக் கூப்பிட்டேன், அவள்தான் அசையவில்லை என்று நாத்தனார் ஒரு வரி எழுதினால் போதும், இவள் கதை முடிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் புருஷன் போன் செய்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டான், மழை வருமா என்று கேட்டான், ஏதோ நேற்றுத்தான் பேசியது போல. சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா சொல்லச் சொன்னா. வாக்கிடாக்கி செட்டு ஆஃப் ஆயிருந்துச்சு, அதனால கேக்கலன்னு நீ எழுதிக் குடுத்தா, யாரு மேலயும் பெருசா பழி வராது. செட்டுதான தப்பு. அக்காவுக்குப் பேனல் போகாது. ஒன் நோட்டுல முப்பத்தாறுலயும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னு சொல்றா."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நானும் வீட்டுக்கு வந்துடறேன்" என்றான், விலையோடு சேர்த்துக் கொசுறு கொடுப்பவன் போல.

அவன் வருவதைப் பற்றி அவளுக்கு ஆசையா, வெறுப்பா என்று அந்த நேரத்தில் யோசிக்க முடியவில்லை. முப்பத்தாறு என்ற எண்தான் காதில் நின்றது. பதினைந்து வாரம் வெயிலிலும் நீராவியிலும் நின்றதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடும். எழுதாவிட்டால் எப்படியும் தோல்விதான், எழுதினால் வெற்றி. அப்புறம் என்ன தயக்கம்? வியாழக்கிழமை மதியம் அவள் எழுதிக் கொடுத்தாள். என்னுடைய வாக்கிடாக்கி அணைந்திருந்தது, பேனலின் குரல் என் காதில் விழவில்லை, இது என் கவனக்குறைவு. மூன்று வரி, மூன்றும் பொய், அடியில் அழகான கையெழுத்து.

வெள்ளிக்கிழமை காலை கூட்ட அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் முதலில் மீசையினுடையதை வாசித்தார். அதில் இருந்தது முழுக்கத் தான் விழுந்த கதை. அடுத்து அவளுடையதை எடுத்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வாசித்து முடித்ததும் அவருக்கே நிம்மதி வந்தது போல இருந்தது. செட்டு என்றால் புது பேட்டரி போட்டால் தீர்ந்தது. மேடம்கூடத் தலையை ஆட்டினார்.

"யாரு ஒன்ன இப்படி எழுதச் சொன்னது?"

அவள் மீசையைத் திரும்பிப் பார்த்தாள். பழக்க தோஷம், நாத்தனார் பேசினால் அது வேறு யாரிடமோ என்றுதான் உடம்புக்குத் தெரியும். மீசையும் அவளைத்தான் பார்த்தார். அப்போதுதான் கேள்வி தனக்கு என்று புரிந்தது. நாத்தனாரின் கண் அவள் மேல்தான் இருந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீங்கதான் சொல்லச் சொன்னதா..." என்று தொடங்கினாள். "போன்ல அவரு..."

நாத்தனாருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. எட்டு மாதமாகத் தன் வீட்டு சோபாவில் படுத்திருக்கிற தம்பியின் புத்தி எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல. ஒன் தயவுல எனக்குப் பேனல் வேணாம்." சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "அவ செட்டு ஆன்லதான் சார் இருந்துச்சு. ரெண்டு தடவ கேட்டா, மூடட்டுமான்னு. என் காதுல நல்லா விழுந்துச்சு. நான் பதில் சொல்லல."

ஏன் என்று சூப்பர்வைசர் கேட்டார். அவளைக் கூப்பிட்டிருப்பீர்களே, ஒருவேளை கூப்பிட்டது மறந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு கதவைத் திறந்தும் விட்டார். அந்தக் கதவு வழியாகப் போயிருந்தால் நாத்தனார் தப்பித்திருப்பாள். ஆனால் தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டேன் என்று பொய்யாகக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. அந்தப் பொய் அவளுக்குப் பேனலைவிடப் பெரிய நஷ்டம்.

"கூப்பிடல சார். இன்னைக்கு வரைக்கும் ஒரு நாளும் கூப்பிட்டதில்ல."

எல்லாரும் இப்போது பயிற்சிக்காரியைப் பார்த்தார்கள். அவளுடைய மூன்று வரிப் பொய் மேசை நடுவில் கிடந்தது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. எதிரி உண்மை பேசி, தான் பொய்யில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் போல ஒரு கேவலம் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அவள் கையை நீட்டி அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்தாள்.

"எல்லாம் கேட்டுச்சு சார். கை வால்வு மேலதான் இருந்துச்சு. மூடியிருக்கலாம். மூடல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "வழிஞ்சப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். மீசை இருமினார். நாத்தனார் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை.

முடிவு மதியத்துக்கு முன்னால் வந்தது. அன்று மாலை ஐந்து மணியோடு நாத்தனார் பேனலிலிருந்து இறங்க வேண்டும், ஆறு வாரம் வெளிவேலை, அப்புறம் பார்க்கலாம். பயிற்சிக்காரி பொய்யைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டதால் கல்லூரி அவளை வெளியேற்றாது. ஆனால் சலுகையும் கிடையாது, அவளுடைய பயிற்சி ஒரு வாரம் முன்னதாக அன்றோடு முடிகிறது. ஐந்து மணிக்குள் நோட்டில் முப்பது கையெழுத்து இருந்தால் தேறினாள், இல்லாவிட்டால் இல்லை. சட்டப்படி ஐந்து மணிவரை கையெழுத்துப் போட வேண்டியவள் நாத்தனார்தான்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போகவே இல்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? மூன்று மணிக்கு மீசைதான் வந்து, நோட்டோடு உள்ளே வரச் சொல்கிறார்கள் என்றார். கண்ணாடி அறையில் நாத்தனார் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, நோட்டை விரித்தாள். மூன்றாம் பம்ப்பை மாற்றியது, நாலாவது வாரம், வியாழன், செய்தாள். கையெழுத்து. வடிகட்டித் துணி மாற்றியது, ஏழாவது வாரம், முதல் தடவை தப்பாக மாட்டினாள், இரண்டாவது தடவை சரி. கையெழுத்து. அவள் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தான் மறந்துபோன நாட்களெல்லாம் நாத்தனாருக்கு நினைவிருந்தன. பதினைந்து வாரமும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கண்கொத்திப் பாம்பாக இவளையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். செய்யாத ஆறு வேலைகளைப் பேனாவால் தொடக்கூட இல்லை, தாண்டிப் போனாள். இருபது கையெழுத்து விழுந்தது. பழைய ஒன்பதோடு இருபத்தொன்பது.

மிச்சம் இருந்தது பத்தொன்பதாவது வேலை. நாத்தனார் அதை விரலால் தொட்டு, வாய்விட்டுப் படித்தாள்.

"பேனல் கூப்பிட்டதும் பதில் சொல்லி, திருப்பிச் சொல்லி, செஞ்சு முடிச்சது. மூணு தடவ." பேனாவை மூடினாள். "நான் எப்பக் கூப்பிட்டேன்? நடக்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இப்பக் கூப்பிடுங்க அண்ணி" என்றாள் அவள். "அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கே."

நாத்தனார் திரைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் வெளியே போய் ஏழாம் தொட்டியின் எதிரே நின்றாள். அன்றைக்கும் எண்ணெய் ஏழுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மீசையிடம் இந்த முறை வாக்கிடாக்கி இருந்தது, நல்ல சார்ஜும் இருந்தது. மூன்றே முக்காலுக்கு பம்ப் வேகத்தைக் குறைக்கச் சொல்லி அழைப்பு வந்தது, ஃபீல்டு ஒண்ணுக்கு. நாலு பத்துக்கு நீராவி, ஃபீல்டு ஒண்ணுக்கு. இரண்டும் அவள் நின்ற இடத்திலிருந்து பத்தடி. நாலரைக்கு வாக்கிடாக்கி திரும்பக் கரகரத்தது. அவள் அதைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபீல்டு ஒண்ணு. ஏழு தொண்ணூறு. ஏழை மூடிட்டு எட்டத் தொற."

மீசை லாரிக் கொட்டகையில் இருந்தார். திருப்பிச் சொல்கிற குரலே மூச்சு வாங்கியது. அவர் முழு முற்றத்தையும் கடந்து, தொப்பையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவதை அவள் பார்த்தாள். வந்து, அவளுக்கும் வால்வுக்கும் நடுவில் புகுந்து, அவள் கைக்கெட்டுகிற சக்கரத்தை அவள் கண்ணெதிரே திருப்பினார். எட்டைத் திறந்தார். அப்புறம்தான் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடி அறையில் நாத்தனார் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு அவள் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போதும் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் புருஷன் பெட்டியோடு வாசலில் நின்றான். அக்கா வெளியே போகச் சொல்லிவிட்டாளாம், காரணமே சொல்லவில்லையாம். அவன் குரலில் அப்படி ஒரு ஆச்சரியம். அவள் கதவைத் திறந்து விட்டாள். கழுவாத பாத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டினாள், திங்கட்கிழமை காலையில் தான் சீக்கிரம் கல்லூரிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொன்னாள். வேறு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எப்படி என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை கல்லூரியில் மேடம் வருத்தத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். இருபத்தொன்பது இருபத்தொன்பதுதான், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நாலு மாதத்தைத் திரும்பச் செய்தாக வேண்டும், இது கடைசி வாய்ப்பு. ஆனால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது, நகரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இடம் காலியாக இருக்கிறது, அங்கே தங்கமான மனிதர்கள், கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடலாம் என்று விண்ணப்பத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் பேனாவை எடுத்து, ஆலை என்ற இடத்தில் அதே எண்ணெய் ஆலையின் பெயரை எழுதினாள். ஷிப்ட் என்ற இடத்தில் அதே ஷிப்ட். நாத்தனாரின் ஆறு வாரம் முடிந்து அவள் பேனலுக்குத் திரும்பியதும் பத்து வாரம் மிச்சம் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கு அவளுக்கு எப்போதும் வரும்.

மேடம் தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டு நிமிர்ந்தார். மறுபடியும் அங்கேயா, எதற்கு என்று கேட்டார்.

"அவங்க என்னக் கூப்பிடணும் மேடம்" என்றாள் அவள்.